அடுக்ககச் சங்கத்தின் அபராதம்: யார் விதிக்கலாம், எப்படி, எதுவரை?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பு, பிரெஸ்டீஜ் சன்ரைஸ் பார்க். வராந்தாவில் எந்தப் பொருளும் இருக்கக்கூடாது என்று அங்குள்ள உரிமையாளர் சங்கம் விதி போட்டது. பலமுறை எடுத்துச் சொன்னபிறகு கிட்டத்தட்ட எல்லோரும் தங்கள் சாமான்களை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் வாசலில் இருந்த செருப்பு அலமாரியை எடுக்க மாட்டேன் என்று நின்றார். நாளுக்கு 100 ரூபாய் வீதம் எட்டு மாதத்தில் அபராதம் 24,000 ரூபாயைத் தொட்டது. அவர் அதைக் கட்டினார். இனி வரப்போவதற்கென்று 15,000 ரூபாயை முன்பணமாகவும் கொடுத்தார். அலமாரி நகரவில்லை. அபராதத்தை இருமடங்காக்கச் சங்கம் யோசிப்பதாக 2025-இல் செய்திகள் வெளியாயின.

படித்தவர்கள் சிரித்திருக்கக்கூடும். ஆனால் இந்தச் சிறு சண்டைக்குள் பெரிய கேள்விகள் சில இருக்கின்றன. அரசாங்கமும் நீதிமன்றமும் அல்லாத ஓர் அமைப்பு, தன் உறுப்பினரைத் தண்டிக்கலாமா? தண்டிக்கலாம் என்றால் அந்த முடிவை எடுப்பது யார்? புகார் சொல்பவரே தீர்ப்பும் சொல்லலாமா? அபராதம் கட்டிவிட்டுத் தப்பைத் தொடர்பவரை என்ன செய்வது?

விவாதத்துக்குள் போகுமுன் ஒரு தெளிவு தேவை. சங்கங்களின் நோட்டீஸ் பலகையில் அபராதம் என்ற ஒரே தலைப்பின்கீழ் மூன்று வேறுபட்ட தொகைகள் வருகின்றன. மெயின்டனன்ஸ் கட்டத் தாமதித்ததற்கான வட்டி ஒன்று. லிஃப்ட் கதவை உடைத்ததற்கான பழுதுச் செலவு இரண்டாவது. இரவு பத்து மணிக்குமேல் பாட்டுப் போட்டதற்காக, அடுத்தவர் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தியதற்காக விதிக்கப்படும் தண்டத்தொகை மூன்றாவது. முதல் இரண்டும் அவ்வளவாகச் சர்ச்சைக்குரியவை அல்ல. கர்நாடக அடுக்கக உரிமைச் சட்டம், 1972, பொதுச் செலவில் ஒரு வீட்டுக்குரிய பங்கு செலுத்தப்படாவிட்டால் அதை அந்த வீட்டின் மீதே கடன்சுமையாக ஏற்றுகிறது. அரசு வரிகளும் முதல் அடமானமும்தான் அதற்கு முன்னால் நிற்கும். சிக்கலெல்லாம் மூன்றாவதில்தான்.

மானூர் சபையும் கண்டோன்மெண்ட் கிளப்பும்

கூடி வாழ்பவர்கள் தங்களுக்குள் தண்டம் விதித்துக்கொள்வது தமிழ் நிலத்தில் மிகப் பழையது. திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூரில், ஏறக்குறைய கி.பி. 800-ஐச் சேர்ந்த பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச் சபையில் கொண்டுவரப்படும் ஒவ்வொரு யோசனைக்கும் முட்டுக்கட்டை போடுபவரும் அவருக்குத் துணை போகிறவரும் ஐந்து காசு தண்டம் கட்டவேண்டும் என்கிறது அது. அந்தச் சபையில் உட்கார ஊரில் நிலப்பங்கு வேண்டும். பங்கில்லாமல் உழுதவர்களுக்கு இடமில்லை. வாக்குரிமை உரிமையாளருக்கு மட்டும், விதிகள் எல்லோருக்கும் என்ற இன்றைய அடுக்ககச் சிக்கலின் பழைய வடிவம் இது.

உத்திரமேரூரிலுள்ள, 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இன்னொரு பாடத்தைத் தருகின்றன. சபையின் வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் அப்படியே. அதிகாரம் கையில் இருப்பவரைக் கட்டுப்படுத்தாமல் பொதுக் காரியம் நடக்காது என்பதை அந்தச் சபையினர் அறிந்திருந்தார்கள்.

பெங்களூருக்கு இன்னொரு மரபும் உண்டு. அது வெள்ளைக்காரர்களின் கிளப் மரபு. பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பாக இருந்த, சிவாஜிநகரை உள்ளடக்கிய கண்டோன்மெண்ட் அதில் ஊறியது. 1868-இல் தொடங்கிய பெங்களூர் கிளப்பின் 1899-ஆம் ஆண்டுப் பேரேட்டில், வசூலிக்க முடியாத பாக்கி என்ற பட்டியலில், லெப்டினன்ட் டபிள்யூ. எல். எஸ். சர்ச்சில் 13 ரூபாய் என்று பதிவாகியிருக்கிறது. பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான அதே சர்ச்சில்தான். பாக்கிதாரரைக் கிளப்புக்குள் விடாமல் நிறுத்தலாம், பெயரை அடித்துவிடலாம். அடுக்ககச் சங்கத்துக்கு அந்த வழி இல்லை. சொந்த வீட்டில் இருப்பவரை யாரும் நீக்க முடியாது. அபராதத்தின் மீது சங்கங்களுக்கு இருக்கும் ஈர்ப்புக்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம்.

அடுக்கக உரிமை என்ற சட்ட ஏற்பாடு வெளிநாட்டிலிருந்து வந்தது. போர்ட்டோ ரிக்கோ 1958-இல் இயற்றிய சட்டமும், அமெரிக்கக் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் 1962-இல் வெளியிட்ட மாதிரிச் சட்டமும் அதைப் பரப்பின. மகாராஷ்டிரத்தின் 1970 சட்டமும் கர்நாடகத்தின் 1972 சட்டமும் அந்த மாதிரியை ஒட்டியவை. துணைவிதிகளை மீறும் உரிமையாளர் மீது சங்கம் என்ன செய்யலாம் என்பதை அவை சொல்கின்றன: பாக்கியை வசூலிக்கவும், நஷ்டஈடு கேட்கவும், தடையாணை பெறவும் வழக்குத் தொடரலாம். வழக்கு என்றால் முடிவெடுப்பது நீதிமன்றம். சங்கமே தண்டிக்கும் வழக்கம் பெரும்பாலும் ஒவ்வொரு சங்கத்தின் துணைவிதிகளையும் நம்பி வளர்ந்தது.

“ஒப்புக்கொண்டுதானே வந்தீர்கள்?”

முதல் நிலைப்பாடு ஒப்பந்தத்தின் மீது நிற்கிறது. வீடு வாங்கும்போது துணைவிதிகளுக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்துப் போட்டாயிற்று. அபராதமும் அதில் அடக்கம். பிறகு முறையிடுவதில் நியாயமில்லை என்பது இதன் வாதம்.

இதற்கு உச்ச நீதிமன்றத்தின் ஆதரவு ஓரளவு உண்டு. பெல்காமின் லாட்ஜ் விக்டோரியா என்ற ஃப்ரீமேசன் சங்கம் தன் உறுப்பினர் ஒருவரை நீக்கிய வழக்கு அங்கே போயிற்று. சேர்ந்தவர் சங்க விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் என்றது நீதிமன்றம். கூடவே நிபந்தனைகளும் போட்டது: சங்கம் தன் விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும், நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும், இயற்கை நீதியை மீறக்கூடாது. 2005-இல், அகமதாபாதைச் சேர்ந்த ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற துணைவிதியைக்கூட உறுப்பினர்களுக்கு இடையிலான உடன்பாடாகக் கருதி ஏற்றது.

இந்த வாதத்தின் பலவீனங்கள் மூன்று. வீடு வாங்குபவர் பெரும்பாலும் பில்டர் நீட்டும் கட்டுக்காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார். துணைவிதியில் ஒரு வரியை மாற்றவும் அவருக்கு வழியில்லை. அன்று இல்லாத விதியை நாளை பெரும்பான்மை கொண்டுவரலாம். மூன்றாவது, எவ்வளவு விரும்பி ஒப்புக்கொண்டிருந்தாலும் நாட்டின் சட்டத்துக்கு முரணான விதி செல்லாது. செல்லப்பிராணிகள் விஷயத்தில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. குடியிருப்புச் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடைசெய்யக்கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அடுக்ககங்களில் செல்லப்பிராணிகளுக்குத் தடை போடும் துணைவிதிகள் சட்டவிரோதமானவை என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது.

தண்டிப்பது அரசின் வேலை

எதிர்முனையில் இருப்பவர்கள் இன்னும் கறாரானவர்கள். தண்டனை என்பது சட்டம் கொடுத்த அதிகாரத்தால் மட்டுமே வரக்கூடியது. அக்கம்பக்கத்தார் கூடித் தண்டம் போடுவது கட்டப்பஞ்சாயத்தின் நாகரிகமான முகம் என்பது இவர்கள் கட்சி. கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை என்று ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது சாதிப் பஞ்சாயத்துகளையும் அவற்றின் வன்முறையையும் மனத்தில் வைத்து. அதை அப்படியே அடுக்ககச் சங்கத்தின் மீது வைப்பது மிகை. ஆனாலும் அடிப்படை அச்சம் ஒன்றுதான்: எண்ணிக்கை பலம் இருப்பவர்கள் தங்கள் விருப்பத்தைச் சட்டம் என்று அழைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இவர்களின் வலுவான ஆயுதம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தாலும், அந்தத் தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். 1963-இல் ஃபதே சந்த் வழக்கிலும் 2015-இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டை அழுத்திப் போட்டது. துணைவிதி என்பது ஒப்பந்தம்தான் என்று சங்கம் வாதாடினால், ஒப்பந்தச் சட்டத்தின் இந்த வரம்பும் கூடவே வந்துவிடுகிறது. செருப்பு அலமாரியால் சங்கத்துக்கு நாளுக்கு 100 ரூபாய் நஷ்டம் என்று எப்படி நிரூபிப்பது?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இந்தப் பார்வைக்கு நெருக்கமான ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. அங்கே உரிமையாளர் சங்கம் நோட்டீஸ் கொடுக்கலாம், தண்டிக்க முடியாது. மீறல் தொடர்ந்தால் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். தீர்ப்பாயம் 1,100 ஆஸ்திரேலிய டாலர் வரையும், ஓராண்டுக்குள் மறுபடி மீறினால் அதன் இருமடங்கு வரையும் விதிக்கலாம். சிங்கப்பூரில் அடுக்ககத் தகராறுகளைக் கேட்பதற்கென்றே வாரியங்கள் உண்டு. இலங்கையில் கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது.

கர்நாடகத்தில் இப்படி எளிதாக அணுகக்கூடிய தனி மன்றம் இல்லை என்பதே இந்த நிலைப்பாட்டின் முட்டுச்சந்து. உயர் நீதிமன்றக் கட்டிடம் சிவாஜிநகரிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருக்கலாம். பார்க்கிங் தகராறுக்கு அதன் கதவைத் தட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. சிவில் வழக்கு முடிய ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை வராந்தா அடைபட்டே இருக்கும். அது அற்பமான விஷயமும் அல்ல. 2010 பிப்ரவரி 23 அன்று பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் தீப்பிடித்தபோது ஒன்பது பேர் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது.

நடைமுறையில் நியாயம்

இரண்டு முனைகளுக்கும் நடுவில் மூன்றாவது நிலைப்பாடு ஒன்று வளர்ந்திருக்கிறது. அபராதம் இருக்கட்டும், அதை விதிக்கும் முறையைச் சட்டம் கட்டிப்போடட்டும் என்பது அது.

இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம் மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள். எந்த மீறலுக்கு எவ்வளவு என்பதைப் பொதுக்குழு தீர்மானிக்க வேண்டும். செயலாளர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உறுப்பினர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். ஒரு நிதியாண்டில் 5,000 ரூபாய் என்ற உச்சவரம்பும் உண்டு. மெயின்டனன்ஸ் பாக்கிக்கான தனிவட்டி 21 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மும்பையில் சண்டைகள் குறைந்துவிட்டன என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் எதைப் பற்றிச் சண்டை என்பதாவது அங்கே தெளிவாக இருக்கிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு துணைவிதி மீறலுக்கு 200 டாலர் வரை விதிக்கலாம். தொடரும் மீறலுக்கு ஏழு நாளைக்கு ஒருமுறை மட்டும். புகாரின் விவரத்தை எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தராமல் விதித்த அபராதம் செல்லாது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் முடிவெடுப்பவர்களையே பிரித்துவிட்டது. நிர்வாகக் குழு அபராதத்தை முன்மொழியலாம். பதினான்கு நாள் முன்னறிவிப்புக்குப் பின், குறைந்தது மூன்று பேர் கொண்ட தனிக்குழு அதை ஏற்கலாம் அல்லது தள்ளலாம். அந்த மூவரில் நிர்வாகிகளோ ஊழியர்களோ அவர்களின் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களோ இருக்கக்கூடாது. உத்திரமேரூர்க் கல்வெட்டு உறவினரை ஒதுக்கியதன் பின்னிருந்த கவலையே இங்கேயும் வேலை செய்கிறது. கலிஃபோர்னியா 2025 ஜூலையிலிருந்து ஒரு மீறலுக்கு 100 டாலர் என்று உச்சவரம்பு போட்டது; உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடான மீறல்களுக்கு மட்டும் விலக்கு.

இந்த வழியின் பலவீனம் உழைப்பில் இருக்கிறது. சங்க நிர்வாகிகள் சம்பளம் வாங்காதவர்கள். அலுவலகம் முடிந்து வந்து தண்ணீர் டேங்கர் கணக்குப் பார்ப்பவர்கள். அவர்களிடம் ஒவ்வொரு அபராதத்துக்கும் நோட்டீஸ், விசாரணை, நடவடிக்கைக் குறிப்பு என்று கேட்டால், இரண்டு விளைவுகளில் ஒன்று நேரலாம்: அபராதமே போடமாட்டார்கள், அல்லது விதிமுறையைப் பொருட்படுத்தாமல் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரியில் போட்டுவிடுவார்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது என்று ஊகிப்பதில் தவறிருக்காது. அந்த வாட்ஸ்அப் வரியில் பெயரும் ஃபிளாட் எண்ணும் சேர்ந்து வரும்போது பணத்தைவிட அவமானமே பெரிய தண்டனையாகிவிடுகிறது. எந்த உச்சவரம்பும் அதை அளப்பதில்லை.

அபராதம் விலையாகும்போது

சட்டம் அனுமதிக்கிறதா என்பதோடு, அபராதம் பலன் தருகிறதா என்ற கேள்வியும் இருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் அதை நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிக்கினி இருவரும் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையைக் கூட்டிப்போகப் பத்து நிமிடத்துக்குமேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று அவற்றில் ஆறில் அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டித்தது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. 2000-இல் வெளியான அந்த ஆய்வு, அபராதம் பெற்றோரின் மனத்தில் ஒரு கட்டணமாக மாறிவிட்டது என்று விளக்கியது. ஆசிரியைக்குத் தொந்தரவு கொடுக்கிறோமே என்ற கூச்சம், பணம் கட்டியதும் போய்விட்டது.

எலக்ட்ரானிக் சிட்டியின் முன்பணம் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். ஆனால் அந்தச் சம்பவத்தின் மறுபாதியையும் பார்க்கவேண்டும். பெரும்பாலான வீடுகளின் வாசல் காலியானதற்குப் பேச்சும் வேண்டுகோளும் துணைநின்றன. மிஞ்சியவரிடம் மட்டுமே அபராதம் தோற்றது. ஹைஃபாவிலும் தொகை மிகச் சிறியது. பெரிய தொகையாக இருந்தால் கதை மாறியிருக்கலாம் என்ற மறுப்பு உண்டு. ஒரு பரிசோதனையை வைத்து அபராதமே வீண் என்று முடிவுகட்ட முடியாது.

2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் திரட்டிய சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. பொதுச் சொத்தை நூற்றாண்டுகளாகக் கெடாமல் காத்த சமூகங்களில் தண்டனை இருந்தது. அது படிப்படியாக ஏறியது. முதல் மீறலுக்கு நினைவூட்டலோ அற்பத் தொகையோ, திரும்பத் திரும்ப மீறுபவருக்கு மட்டும் கடுமை. சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517-ஆம் ஆண்டு விதிப்படி, குளிர்காலத்தில் தன்னால் தீனி போட முடிந்த மாடுகளுக்குமேல் யாரும் மலை மேய்ச்சலுக்கு அனுப்பக்கூடாது. மீறியவரிடம் வாங்கும் அபராதத்தில் பாதி, வசூலிக்கும் கிராம அதிகாரிக்கே போயிற்று. இன்றைய சங்கத்தில் அப்படி ஏற்பாடு செய்தால் ஊழல் என்பார்கள். டோர்பெலில் அது கண்காணிப்புக்கான கூலியாகப் பார்க்கப்பட்டது. யார் கண்காணிக்கிறார், பணம் எங்கே போகிறது, மீறியவர் அதை எப்படிப் பார்க்கிறார் என்பவை தொகையின் அளவுக்குச் சமமாக முக்கியம் என்பதை ஆஸ்ட்ரத்தின் உதாரணங்கள் உணர்த்துகின்றன.

2024 மார்ச்சின் தண்ணீர்ப் பஞ்சம் பெங்களூருக்கு இதில் ஒரு சோதனைக்களமாக அமைந்தது. கார் கழுவவும் தோட்டத்துக்கு ஊற்றவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய், தொடர்ந்தால் நாளுக்கு 500 ரூபாய் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. வைட்ஃபீல்டின் பாம் மெடோஸ் குடியிருப்புச் சங்கமும், தண்ணீர்ப் பயன்பாட்டை 20 சதவீதம் குறைக்காத வீடுகளுக்கு 5,000 ரூபாய் என்று எச்சரித்தது. ஒரே தொகை, ஒன்றின் பின்னால் சட்டம், மற்றதன் பின்னால் துணைவிதி. அந்த வாரங்களில் இரண்டுக்கும் பெரிய எதிர்ப்புக் கிளம்பவில்லை. நெருக்கடி எல்லோர் கண்ணுக்கும் தெரியும்போது அபராதத்தின் நியாயத்தை விளக்க வேண்டியிருப்பதில்லை என்று இதைப் படிக்கலாம். சாதாரண நாட்களுக்கு இந்தப் பாடம் எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விஷயம்.

யார் தலையில் விழுகிறது?

அபராதத்தைப் பற்றிய விவாதங்களில் அதிகம் பேசப்படாதது, அது எல்லோர் மீதும் ஒரேபோல் விழுவதில்லை என்பது. 2022-இல் குந்தலஹள்ளி கேட் பகுதிக் குடியிருப்பு ஒன்றின் அறிவிப்பு இணையத்தில் பரவியது. திருமணமாகாத வாடகைதாரர்களின் வீட்டில் இரவு பத்து மணிக்குமேல் விருந்தினர் இருக்கக்கூடாது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம் அல்லது வெளியேற்றம். குடும்பமாக இருப்பவர்களுக்கு இப்படியொரு கெடு இல்லை. ஹைதராபாதில் ஒரு குடியிருப்பு, முதன்மை லிஃப்டில் ஏறும் பணிப்பெண்களுக்கும் டெலிவரி ஊழியர்களுக்கும் அபராதம் என்று எழுதி ஒட்டியதும் கண்டனத்துக்கு ஆளாயிற்று.

இங்கே முதல் நிலைப்பாடு முழுவதும் நொறுங்குகிறது. வாடகைதாரரும் வேலைக்கு வருபவரும் துணைவிதியில் கையெழுத்திடவில்லை. பொதுக்குழுவில் அவர்களுக்கு வாக்கு இல்லை. அவர்களிடம் வாங்கும் தொகைக்கு ஒப்பந்தம் என்ற அடிப்படையும் இல்லை, சட்டம் என்ற அடிப்படையும் இல்லை. வாடகைதாரர் செய்த மீறலுக்கு உரிமையாளரிடம் கேட்கலாம் என்று சங்கங்கள் சொல்கின்றன. உரிமையாளர் அதை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும்போது, விசாரணையே இல்லாமல் தண்டனை முடிந்துவிடுகிறது.

அபராதம் கட்டாதவரின் தண்ணீரை நிறுத்துவது, மின்இணைப்பைத் துண்டிப்பது போன்ற அடுத்தகட்ட மிரட்டல்களுக்கு இடமே இல்லை எனலாம். மின்சாரம் ஒருவருக்கு மறுக்க முடியாத அடிப்படை வசதி என்று, வீட்டுக்காரருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொன்னது. சங்கத்துக்கு மட்டும் அதில் விலக்கு இருக்கக் காரணம் தெரியவில்லை.

சிவாஜிநகர் வைட்ஃபீல்ட் அல்ல

மேலே சொன்ன உதாரணங்களில் பல பெரிய வளாகங்களைச் சார்ந்தவை. கேட்டில் காவலாளி, செல்போன் செயலியில் பில், சம்பளத்துக்கு மேலாளர் என்று இயங்குபவை அவை. சிவாஜிநகரின் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலும், இன்ஃபன்ட்ரி ரோடு, குயின்ஸ் ரோடு, அல்சூர்ப் பக்கமும் இருக்கும் பழைய கட்டிடங்களின் நிலை வேறு. கீழே கடை, மேலே சில வீடுகள். தமிழ், உருது, கன்னடம் என்று படிக்கட்டிலேயே மூன்று மொழி. பல இடங்களில் பதிவுசெய்த சங்கமே இருக்காது. மோட்டார் பழுதானால் ஒருவர் முதலில் தன் பணத்தைப் போட்டுப் பிறகு மற்றவர்களிடம் வாங்கிக்கொள்வார்.

எட்டு வீடுகள் உள்ள கட்டிடத்தில் ஃப்ளோரிடா மாதிரி மூன்று பேர் கொண்ட சார்பற்ற குழுவை எங்கே தேடுவது? புகார் சொன்னவர், புகாருக்கு ஆளானவர், செயலாளர், அவர் மைத்துனர் என்று கழித்தால் மிஞ்சுபவர்கள் சொற்பம். ஆயிரம் வீட்டு வளாகத்தில் அபராதச் சீட்டு ஒரு மின்னஞ்சல். எட்டு வீட்டுக் கட்டிடத்தில் அது இனி நேரில் பார்த்தால் பேசாமல் போகும் பகை. நாளை மோட்டாருக்கு முதலில் பணம் போடவேண்டியவரே அந்தப் பகையாளியாகவும் இருக்கலாம்.

இப்படிப்பட்ட இடங்களுக்குச் சமரசமே பொருந்தும் என்று கருத இடமிருக்கிறது. அக்கம்பக்கத்தாரின் அமைதியைக் கெடுக்கும் தகராறுகளை, இரு தரப்பும் சம்மதித்தால் மூன்று சமரசர்கள் முன் தீர்த்துக்கொள்ள 2023-ஆம் ஆண்டு சமரசச் சட்டம் வழிசெய்திருக்கிறது. அங்கே எட்டப்படும் உடன்பாட்டை நீதிமன்ற ஆணைபோல நிறைவேற்ற முடியாது என்பது குறை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் 2007 முதல் இயங்கும் பெங்களூரு சமரச மையம் இந்த நகரத்துக்குச் சமரசத்தில் நல்ல அனுபவத்தைத் தந்திருக்கிறது. தெருவளவில் அது இன்னும் இறங்கவில்லை.

தீராமல் நிற்பவை

மூன்று நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் சில விஷயங்களில் ஓரளவு உடன்பாடு தெரிகிறது. பாக்கிக்கு வட்டியும் சேதத்துக்கு ஈடும் கேட்பது நியாயம். நகராட்சியோ குடிநீர் வாரியமோ ஒரு வீட்டின் தவறுக்காகச் சங்கத்துக்கு அபராதம் போட்டால், அதைத் தவறு செய்தவரிடமே வசூலிப்பதும் நியாயம். நடத்தைக்காக விதிக்கும் அபராதம் என்றால், அதன் பட்டியலைப் பொதுக்குழு முன்கூட்டியே ஏற்றிருக்க வேண்டும்; எழுத்தில் புகாரும் பதில் சொல்ல வாய்ப்பும் இருக்க வேண்டும்; புகார் சொன்னவர் முடிவெடுக்கும் இடத்தில் உட்காரக்கூடாது; தொகைக்கு உச்சவரம்பு வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு பொதுக்குழுக் கூட்டம் போதும்.

தீராதவை வேறு. பெங்களூரில் சில சங்கங்கள் 1972 சட்டத்தின்கீழும், சில 1960-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழும், சில கூட்டுறவுச் சட்டத்தின்கீழும் அமைந்திருக்கின்றன. எது சரியான சட்டம் என்பதே உயர் நீதிமன்றத்தில் திரும்பத் திரும்ப வழக்காகியிருக்கிறது. 1972 சட்டத்துக்குப் பதிலாகப் புதியதொன்றைக் கொண்டுவரும் முன்வரைவு 2025-இல் விவாதத்துக்கு வந்தது. அண்டையில் தமிழ்நாடு தன் 1994 சட்டத்தை நீக்கிப் புதிய அடுக்கக உரிமைச் சட்டத்தை 2024 மார்ச்சில் நடைமுறைப்படுத்தியது. பெங்களூரு அடுக்ககக் கூட்டமைப்பு போன்ற அமைப்புகளும் சட்டம் இயற்றுபவர்களும் முடிவுசெய்ய வேண்டிய கேள்விகள் நான்கு இருக்கின்றன. சங்கத்தின் அபராதத்துக்கு எதிராக யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்? செலுத்தாத அபராதம், மெயின்டனன்ஸ் பாக்கியைப் போல வீட்டின் மீது சுமையாக ஏறுமா? வாடகைதாரருக்கு விசாரணையில் பேசும் உரிமை உண்டா? பத்து வீட்டுக் கட்டிடத்துக்கும் ஆயிரம் வீட்டு வளாகத்துக்கும் ஒரே விதியா?

இவற்றில் முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் மற்ற மூன்றின் கடுமை குறையும். செலவில்லாமல், சில வாரங்களில் முடிவு சொல்லும் ஒரு மேல்முறையீட்டு இடம் இருக்குமானால், சங்கங்களுக்கு அபராத அதிகாரம் தருவதில் ஆபத்து குறைவு. அது இல்லாதவரை, கர்நாடகத்தில் ஒரு சங்கம் விதிக்கும் நடத்தை அபராதம், உறுப்பினர் தானாக முன்வந்து கட்டும்வரை மட்டுமே உறுதியானது. அவர் நீதிமன்றத்துக்குப் போனால் 74-ஆம் பிரிவின் முன் நிற்குமா என்பது சந்தேகம். சங்க நிர்வாகிகள் அடுத்த அபராதச் சீட்டை எழுதுமுன் தங்கள் துணைவிதியை ஒருமுறை எடுத்துப் படிப்பது நல்லது.